இருபத்துமூன்று பாகை

விரிப்பு வெட்டிப் போடுகிற ஆள் நான்.
எந்தச் சாமியிடமும் நீளம் அகலம்தான் கேட்பேன்.

ஹப்புத்தளைக்குக் கீழே, கிளென்டோர் தோட்டத்தில்
துரைமார் கட்டிய கோயில்.
கருங்கல் சுவர், தகரக் கூரை.
கடைசி ஆராதனைக்கு ஏழு பேர் வந்தார்களாம்,
அதில் இரண்டு பேர் சாவி வாங்க வந்தவர்கள்.
பிறகு வௌவால். பிறகு உரமூட்டை.
பிறகு கிரயப் பத்திரம்.

துவான் சல்தின் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தார்.
தகரம் முள்ளைக் கிறுக்காக்கியது:
ஒரு தரம் பதுளை, ஒரு தரம் பலாங்கொடை,
ஒரு தரம் என்னையே காட்டியது.
வெளியே போனோம்.
தேயிலைக்கு நடுவில், காலில் அட்டை ஏற ஏற,
முள் அடங்கியது.
ஒரு செடியின் தூரில் நைலோன் நூலைக் கட்டி
வாசல் வழியாக உள்ளே இழுத்து வந்தார்.

பீடம் கிழக்கே.
மக்கா மேற்கே, கொஞ்சம் வடக்கே.
அந்தக் கொஞ்சம் இருபத்துமூன்று பாகை.
ஆக, எல்லோரும் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும்,
அதுவும் நேராக இல்லை,
பஸ்ஸில் யன்னல் பக்கம் தோள் திருப்பி
உட்கார்ந்திருப்பவர்களைப் போல.

சல்தினின் மகன் கப்பலில் சமையல்காரன்.
இஸ்தான்புல்லில் இறங்கிப் படம் அனுப்பியிருந்தான்:
ஆயிரத்தைந்நூறு வருடத்துக் குவிமாடம்,
கீழே புது விரிப்பு.
"வரிசையைப் பாருங்க" என்றார்.
பார்த்தேன்.
அங்கேயும் எவனோ ஒருவன்
தூணுக்கும் நூலுக்கும் ஒத்துவராமல்
தலையைச் சொறிந்திருக்கிறான்.
கட்டிய ராசா, பிடித்த சுல்தான்
எல்லார் பெயரும் எழுதி வைத்திருப்பார்கள்.
அவன் பெயர் இருக்காது.
அவன் போட்ட கோணல் இருக்கிறது.

பள்ளி என்ற சொல்லும் இப்படிக் கைமாறியதுதான்.
துறவிகள் படுத்த கல், பிள்ளைகளின் வாங்கு, தொழுகை வரிசை.
யாரும் இடிக்கவில்லை.
உள்ளே திரும்பி நின்றுகொண்டார்கள்.

இரண்டாம் நாள் ஹெப்சிபா டீச்சர் வந்தார்,
சுவரிலிருந்த பித்தளைத் தகட்டுக்கு.
காய்ச்சலில் போன துரைப்பிள்ளை, மூன்று வயது.
சொந்தமா என்று கேட்டேன்.
"இல்ல. சனிக்கிழமை சனிக்கிழமை
புளி போட்டுத் தேச்சிருக்கேன்."
சல்தினே திருகாணிகளைக் கழற்றினார்.
நாலாவது அசையவில்லை.
தேங்காயெண்ணெய் விட்டு, ஒரு தேத்தண்ணி நேரம்
மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சதுரக் கட்டடத்தில் கோணலாக விரித்தால்
ஓரமெல்லாம் முக்கோணம் மிஞ்சும்.
பச்சை முக்கோணம் ஒன்றில்
பிள்ளையின் பெயரைச் சுற்றிக் கொடுத்தேன்.
போகும்போது டீச்சர்
கிழக்குக் கண்ணாடியைக் காட்டினார்:
சிவப்புப் புல்லில் ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி.
"அத உடைப்பீங்களா?"
"முதுகுக்குப் பின்னாலதானே டீச்சர்" என்றார் சல்தின்,
"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மவ்லவி வந்தார். வெகுநேரம் பார்த்தார்.
கோபப்படவில்லை.
"ஒரு திரை போட்டுடுங்க."

பெருநாள் காலை, ஓரத்தில் பசை விட்டுவிட்டதென்று
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
செருப்புகளுக்கு நடுவில் காத்திருந்தேன்.
அன்று பார்த்துப் பனி இல்லை.
வெயில் நேராகக் கண்ணாடிக்குள் நுழைந்து
வெள்ளைச் சட்டைகளின் மேல் சிவப்பாக விழுந்தது,
கடைசி வரிசையில் ஒரு பையனின் முதுகில் ஆடு.
அவர்கள் குனிந்தார்கள்,
ஆடு விரிப்பில் இறங்கியது.
நிமிர்ந்தார்கள்,
ஏறிக்கொண்டது.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
தொழுகையில் திரும்பக் கூடாது.

திரைக்கு அளவு எடுத்துக் கொடுத்துவிட்டேன்:
ஆறடி நாலங்குலம், கம்பி தனி.
ஓடர் இன்னும் வரவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.